தட்டில் வைத்த சாவி

பெருமாநல்லூர்
15.10.1994

அன்புள்ள அண்ணன் முஸ்தபாவுக்கு, தங்கை நூர்ஜான் ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் வலிதான் படுத்துகிறது. ஷார்ஜாவில் உங்களுக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா?

நலம் விசாரித்தாயிற்று. இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். என்னைத் திருடி என்று சொல்லிவிட்டார்கள், அண்ணா. நாற்பது பேர் முன்னால்!

வியாழக்கிழமை எங்கள் சாயப்பட்டறையில் ஆயுத பூஜை. கத்தரி, ஸ்பேனர், தராசு, சாயம் கலக்கும் குடுவை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். முதலாளி வெள்ளியங்கிரி அய்யா, "ஏனுங்க அம்மிணி, உங்க ஆயுதம் எங்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கம்ப்யூட்டரையா தூக்கிக்கொண்டு வர முடியும்? அதன் பூட்டுச் சாவியைக் கொடுத்தேன். அதைத் திருப்பினால்தான் கீபோர்டு வேலை செய்யும். அவரே வாங்கித் தட்டில் வைத்துக் குங்குமமும் வைத்தார். தட்டில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பது இங்கே வழக்கம். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மறுபூஜை முடிந்ததும் அவர் கையாலேயே சாவியை எடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரைப் போட்டேன். டி டிரைவ் இல்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்கிறது! மூன்று வருடமாக நான் தட்டித் தட்டி ஏற்றிய ஆயிரத்து நூற்று நாற்பது ஷேடும் அதில்தான். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம், எத்தனை சூடு, எத்தனை நிமிடம், எல்லாம் போச்சு. பிளாப்பியில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "ரகசியம் ரெண்டு பக்கம் இருந்தா வெளிய போயிருமுங்க" என்று விடவே இல்லை.

இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "சாவி சாமி முன்னால இருந்துச்சு. அதை எவன் எடுப்பான்? நீதான் போறதுக்கு முந்தி அழிச்சிருக்கோணும். ஊத்துக்குளி ரோட்டுப் பட்டறைக்காரனுக்கு ஷேடையெல்லாம் வித்துப்போட்டு அழிச்சிருக்கோணும்." வாங்க, போங்க எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விட்டது. அவர் மருமகன் கிட்டுசாமி, உங்களோடு கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவர்தானே, அவராவது ஒரு வார்த்தை சொன்னாரா? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இரண்டே பதில் வேண்டும். ஒன்று, போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? இரண்டு, இதை யார் செய்திருப்பார்கள்?

அம்மா ரஹ்மத்துன்னிசா உங்களுக்குத் துஆ சொல்லச் சொன்னார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
நூர்ஜான்

*

ஷார்ஜா
24.10.1994

அன்புத் தங்கை நூருக்கு அண்ணன் முஸ்தபாவின் ஸலாமும் துஆவும். நான் நலம், இருமல் போய்விட்டது. அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

கடிதம் கண்டு மனம் நொந்தேன். ஆனால் பயப்படாதே. உன் ஷேடுகள் எங்கேயும் போகவில்லை. எப்படிச் சொல்கிறேன் என்றால், பத்து ஏக்கர் காட்டை அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள் என்று வை. அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டு, மொத்தமும் அண்ணனுக்கே என்று புதுப் பத்திரம் எழுதிவிட்டால் தம்பியின் காடு பறந்தா போகும்? விதைத்தது விதைத்தபடி நிற்கும், வேறு ஆள் அதில் ஏர் ஓட்டாதவரை. ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். சி, டி என்று இரண்டு பாகமாக இருந்ததை ஒரே பாகமாக மாற்றி எழுதியிருக்கிறது. புதிதாக ஏற்றிய ஜாதக சாஃப்ட்வேர் முன்பக்கத்தில் கொஞ்சம் இடம்தான் பிடித்திருக்கும். உன் டி பாகம் பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கும்.

ஆகவே முதல் காரியம், அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது. அதில் புதிதாக எதையும் ஏற்றக்கூடாது. வழி நான் சொல்லித் தருகிறேன்.

கோபத்தை அடக்கிக்கொள் கண்ணு. பெரிய வீட்டு விஷயம். அவர் இவர் என்று விரல் நீட்டாதே. காரியம்தான் முக்கியம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் ஸலாம்.

அண்ணன்,
முஸ்தபா

*

பெருமாநல்லூர்
6.11.1994

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். நாங்கள் இருவரும் நலம். தீபாவளிக்குப் பூட்டிய பனியன் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை, ஊரே அமைதியாக இருக்கிறது. நான்தான் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

நல்ல வேளை, உங்கள் கடிதம் லீவு விடுவதற்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, "இருக்கறதையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுறலாமுங்க மாமா" என்று கிட்டுசாமி ஏற்பாடு செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். கேட்டைத் திறக்கவில்லை. நானா விடுவேன்? அங்கேயே நின்று கத்தினேன்: "அய்யா, இன்னொருக்கா அதைத் தொட்டா ஆயிரத்து நூத்தி நாப்பதும் மண்ணாப் போயிருமுங்க! தொடாம இருந்தா நான் கொண்டாந்து தாறனுங்க!"

டையிங் மாஸ்டர் அய்யாசாமி அண்ணன்தான் வெளியே வந்தார். பாவம், மயில்கழுத்துப் பச்சை ஒன்றுக்காக நாலு நாளாகச் சாயத்தைக் கலக்கிக் கலக்கி ஊற்றியிருக்கிறார். ஒன்று கிளிப் பச்சையாகப் போகிறது, ஒன்று பாசிப் பச்சையாக வருகிறது. அவர் உள்ளே போய் முதலாளியிடம் சண்டை போட்டார். தை முதல் தேதிவரை எனக்குத் தவணை. அதற்குள் வரவில்லை என்றால் போலீஸாம். திருப்பூரில் ஒரு கம்பெனியும் என்னை வாசலில்கூட நிற்க விடாதபடி சொல்லி வைப்பாராம்.

நிபந்தனையைக் கேளுங்கள். நான் உட்காரும்போது கிட்டுசாமி பக்கத்திலேயே காவல் இருப்பார். உள்ளே போகும்போதும் வரும்போதும் கூட்டுகிற பழனாயி அக்கா என் பையைச் சோதிக்க வேண்டும். அக்காவுக்கே கண் கலங்கிவிட்டது. "நான் என்னத்தைத் தேடறது அம்மிணி? டிபன் டப்பாவுக்குள்ள ஷேடு இருக்குமா?" என்று என்னையே கேட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். அப்புறம், போன தடவை கேட்டதற்குப் பதில் வரவில்லை. சாவியை எடுத்தது யாராக இருக்கும்? கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்தானே பாகத்தை மாற்ற முடியும்?

அம்மா நன்றாகத் தூங்குகிறார்கள், கவலை வேண்டாம்.

நூர்ஜான்

*

ஷார்ஜா
16.11.1994

அன்புத் தங்கைக்கு ஸலாம். நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

பல்லடத்துக்காரர் நஜீமுதீன் லீவில் வருகிறார். அவரிடம் ஒரு பிளாப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். டிஸ்க்கில் இருப்பதை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டும் புரோகிராம் அது. கம்ப்யூட்டரைப் பிளாப்பியிலிருந்தே கிளப்பு. முதலில் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களைக் காட்டும். அதைத் தாண்டிப் போ. டிஸ்க் முழுவதும் வளையம் வளையமாகப் பிரித்திருக்கும், அவற்றுக்குச் சிலிண்டர் என்று பெயர். சுமார் தொள்ளாயிரம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் முதல் பக்கத்தை மட்டும் பார். எந்தப் பக்கம் 55 என்றும் ஏஏ என்றும் முடிகிறதோ அதுதான் பழைய எல்லைக்கல். அங்கேதான் டி பாகம் ஆரம்பித்தது. அந்தச் சிலிண்டர் எண்ணை எனக்கு எழுது. பத்திரத்தில் எழுத வேண்டியதை நான் கணக்கிட்டு அனுப்புகிறேன்.

பார்ப்பது மட்டும்தான். நான் சொல்லாமல் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

கிட்டுசாமி நல்ல பையன், உனக்கு உதவியாகத்தான் இருப்பார். அவரிடம் முகம் காட்டாதே. அம்மாவுக்கு நஜீமுதீனிடம் ஒரு தைலம் கொடுத்திருக்கிறேன், முழங்காலுக்குத் தடவு.

அண்ணன்

*

பெருமாநல்லூர்
28.11.1994

அண்ணனுக்கு,

ஸலாம். அம்மா சுகம். தைலம் வந்தது. தடவவில்லை. தடவும் மனநிலையில் நான் இல்லை.

நஜீமுதீன் காக்கா பிளாப்பியைக் கொடுத்த மறுநாளே போய் உட்கார்ந்தேன். கிட்டுசாமி பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டார். பிளாப்பியைப் போட்டதும் முதல் வரியிலேயே ஒரு பெயர் வந்தது: ஜாதகம். ஆங்கில எழுத்தில், கொட்டை கொட்டையாக. எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கேயோ பார்த்திருக்கிறேனே இதை? எங்கே? உங்கள் முதல் கடிதத்தில்! "புதிதாக ஏற்றிய ஜாதக சாஃப்ட்வேர்" என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு ஏதோ கம்ப்யூட்டர் பாஷை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். டி டிரைவ் இல்லை என்று மட்டும்தானே நான் எழுதினேன்? ஜாதகம் என்று நான் எழுதினேனா? எனக்கே தெரியாத ஒன்று கடல் தாண்டி இருக்கும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

திரும்பிப் பார்த்தேன். குளிர் மாதத்தில் கிட்டுசாமிக்கு நெற்றி முழுக்க வேர்வை.

"என்னங்க இது?" என்றேன்.

"அம்மிணி, சத்தம் போடாதீங்க" என்றார். அப்புறம் தானாகவே கொட்டினார். விஜயதசமி அன்று புதுசாக ஒன்றைத் தொடங்கினால் விருத்தியாகும் என்று, முதல் நாள் ராத்திரியே தட்டிலிருந்து சாவியை எடுத்திருக்கிறார். மாமனாருக்கு ஜாதகம் அச்சடித்து நீட்டி அசத்த வேண்டுமாம். சாஃப்ட்வேருக்கு இடம் போதவில்லை. நீங்கள் செப்டம்பரில் அனுப்பிய காகிதத்தில், புதுக் கம்ப்யூட்டருக்குப் பாகம் பிரிப்பது எப்படி என்று எழுதியிருந்தீர்களாமே, அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் பழைய கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார். முதல் படியே 'இருக்கும் பாகங்களை நீக்கு'. நீக்கிவிட்டார்! சாவியை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"விடிஞ்சதுமே உங்கண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டனுங்க. நான் பார்த்துக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னு அவருதானுங்க சொன்னாரு" என்றார்.

அண்ணா! என் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். நான் அழுதுகொண்டே எழுதியதைப் படிக்கும்போது தெரியும். யார் செய்தது என்று இரண்டு முறை கேட்டேனே, அப்போதும் தெரியும். தெரிந்துகொண்டே 'மனம் நொந்தேன்' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? பழனாயி அக்கா தினம் என் பையைத் துழாவுகிறார். கடைவீதியில் சாயத்தை விற்ற பாய் வீட்டுப் பெண் என்று என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். அம்மா ஒரு மாதமாகப் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போவதில்லை. நீங்கள் எனக்குக் காடு, பத்திரம் என்று பாடம் நடத்துகிறீர்கள்!

வேலையை விட்டுவிட்டு எழுந்திருப்பேன் என்று கிட்டுசாமி நினைத்தாரோ என்னவோ. விடவில்லை. நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். முந்நூற்று இருபத்தேழாவது சிலிண்டரில் உங்கள் எல்லைக்கல் இருக்கிறது. அதற்கு அப்பால் திறந்தால் வலது ஓரத்தில் என் எழுத்துகள். கனகாம்பரம் இரண்டு, துவரம்பூ மஞ்சள், மயில்கழுத்துப் பச்சை நாலு. நான் வைத்த பெயர்கள், அண்ணா. ஒன்றுகூடச் சாகவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். கிட்டுசாமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கவில்லை.

பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று அனுப்புங்கள். கூடவே, ஏன் மறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரியாதையை விடக்கூடாது என்று அம்மா வளர்த்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நூர்ஜான்

*

பெருமாநல்லூர்
22.12.1994

அண்ணனுக்கு ஸலாம். நலம். நலமா?

இருபத்து நாலு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே எனக்குக் கையை விரித்துக் காட்டிவிடுகிறார். தை பிறக்க இன்னும் மூன்று வாரம்தான்.

உங்களுக்கு எழுத என்ன இருக்கிறது? ஏன் மறைத்தீர்கள் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் போகட்டும். பத்திரத்தில் எழுத வேண்டிய எண்களையாவது அனுப்பக்கூடாதா?

நூர்ஜான்

*

ஷார்ஜா
24.12.1994

அன்புத் தங்கை நூருக்கு,

ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நலம். உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பத்திரத்தில் எழுத வேண்டியது இன்னொரு காகிதத்தில் இருக்கிறது. முதல் வரிசையில் சி பாகத்தின் முடிவைக் குறைக்க வேண்டும், இரண்டாம் வரிசையில் டி பாகத்தைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்துக்கொள். எழுதி முடித்து, அணைத்துப் போட்டால் டி வந்துவிடும்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். எட்டு வருடமாக இங்கே ஓர் அறையில் எட்டுப் பேரில் ஒருவனாகக் கிடக்கிறேன். கிட்டுசாமியும் நானும் திருப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்குவதாக இருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது, கம்ப்யூட்டர் ஜாதகம் போடுவது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இடம் அவருடைய மாமனாருடையது. அவர் கொடுத்தால்தான் உண்டு. சாமி தட்டில் கை வைத்தவர் என்று தெரிந்தால் மருமகன் என்றுகூடப் பார்க்க மாட்டார், உனக்கே தெரியும். நான் இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வந்தால் அம்மாவுக்கும் நல்லது, உனக்கும் நல்லது. உன்னை அந்த சென்டரில் டீச்சராகவே உட்கார வைப்பேன்.

ஷேடு வந்துவிட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். கிட்டுசாமி பெயரை மட்டும் உன் வாயால் சொல்லிவிடாதே. இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

அம்மாவிடம் நான் வரப்போவதைச் சொல். உடம்பைக் கவனித்துக்கொள்.

முஸ்தபா

*

பெருமாநல்லூர்
6.1.1995

அண்ணனுக்கு ஸலாம். இருவரும் நலம். நீங்கள் வரப்போவதை அம்மாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்கள். மற்றதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை டி டிரைவ் வந்துவிட்டது. எண்களை நானே அடித்தேன், அய்யாசாமி அண்ணன் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார். அணைத்துப் போட்டதும் பெயர்கள் மளமளவென்று ஏறி ஓடின. ஒன்பது ஷேடு மட்டும் கடைசியில் சிதைந்துபோயிருந்தது. அந்த ஒன்பதும் எனக்கு மனப்பாடம், அங்கேயே தட்டிவிட்டேன். பட்டறையே கூடிவிட்டது. ஜாதகத்தையும் திறந்து பார்த்தேன். முதலாளியின் ஜாதகம் ஒன்றுதான் இருந்தது. 'கூட இருப்பவர்களால் மனக்கஷ்டம்' என்று போட்டிருக்கிறது. அது மட்டும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது!

முதலாளி ஸ்வீட் வாங்கி வரச் சொன்னார். "போனது வந்துருச்சு. நாளையிலிருந்து பழையபடி வந்து பாருங்க அம்மிணி" என்றார். வாங்க, போங்க திரும்ப வந்துவிட்டது.

"நான் அழிக்கலைன்னு இப்பவாவது சொல்லுங்கய்யா" என்றேன்.

"அட, அதான் உட்டாச்சே! அழிச்சவங்களுக்குத்தானே கொண்டாரவும் தெரியும்? தப்புப் பண்ணீட்டு நீங்களே சரி பண்ணீட்டீங்க. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலீங்க" என்றார்.

கேட்டீர்களா, அண்ணா? மன்னித்துவிட்டாராம்! மூன்று மாதம் நாய் படாத பாடு பட்டு நான் மீட்டது, நானே திருடி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. கிட்டுசாமி பக்கத்தில்தான் நின்றார், கையில் லட்டோடு.

நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் முகம் வந்து நின்றது. விழுங்கினேன். ஆனால் சும்மா வரவில்லை. நேற்று வியாழக்கிழமை போய்க் கம்ப்யூட்டரைப் பூட்டினேன். சாவியைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் அதே தட்டில் வைத்தேன். எல்லோரும் பார்க்கத்தான் வைத்தேன்.

"அய்யா, சாமி முன்னால வச்சதை எவனும் எடுக்க மாட்டான்னு சொன்னீங்க. நான் வேத்து மதத்துப் பொண்ணு, எனக்கும் அந்த மரியாதை தெரியுமுங்க. அன்னைக்கு ராத்திரி எடுத்த கை எதுவோ, அந்தக் கையே எடுக்கட்டும். எடுத்தது நான்தான்னு சொல்லீட்டு எடுக்கட்டும். அதுவரைக்கும் அதை யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யார் பெயரையும் நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபடியே.

நூர்ஜான்

*

ஷார்ஜா
11.1.1995

நூருக்கு,

ஸலாம். நலம். என்ன காரியம் செய்தாய்! கிட்டுசாமி போனில் அழுகிறார். தட்டுப் பக்கம் போகவே ஒருவரும் பயப்படுகிறார்களாம். அவர் மாமியார் ஒவ்வொரு வேலையாளையும் கூப்பிட்டுச் சத்தியம் கேட்கிறாராம். உடனே போய் அந்தச் சாவியை நீயே எடுத்துக் கொடுத்துவிடு. மறந்து வைத்துவிட்டேன், கோபத்தில் பேசிவிட்டேன் என்று சொல். என் கடைசிச் சம்பளம்கூட வாங்கியாகிவிட்டது. நான் எங்கே போவேன்? கூடப் பிறந்தவனை யோசித்துப் பார்.

அம்மா நலமா?

முஸ்தபா

*

பெருமாநல்லூர்
26.1.1995

அன்புள்ள அண்ணன் முஸ்தபாவுக்கு, தங்கை நூர்ஜான் ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மா நலம். நேற்றுப் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார்கள். முழங்காலுக்கு உங்கள் தைலத்தைத் தடவுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவி எட்டு நாள் தட்டில் கிடந்தது. அய்யாசாமி அண்ணனுக்கு ஷேடு வேண்டும், கம்ப்யூட்டர் பூட்டிக் கிடக்கிறது. போகிக்குப் பட்டறையைக் கழுவிப் பொங்கலுக்குச் சாமி படத்தை எடுத்துத் துடைக்க வேண்டும். தட்டை நகர்த்தாமல் எப்படித் துடைப்பது? முதலாளி ஒவ்வொருவராகப் பார்த்து "எடு" என்கிறார், ஒவ்வொருவராகப் பின்னால் போகிறார்கள். பழனாயி அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "நான் எடுத்தா நான்தான் எடுத்தேன்னு ஆயிருமுங்க சாமி" என்றாராம். கடைசியில் முதலாளியே கையை நீட்டிவிட்டு, அவரும் கையை இழுத்துக்கொண்டாராம். அப்போதுதான் கிட்டுசாமி நாற்பது பேருக்கு முன்னால் வந்து, "நான்தானுங்க மாமா" என்று சொல்லிச் சாவியை எடுத்திருக்கிறார்.

முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "சாமி முன்னால வச்சதையாடா எடுத்தே!" இதுதான் முதலில் வந்தது. அய்யாசாமி அண்ணன் இருக்கிறாரே, அவர் விடவில்லை. "அது உங்க குடும்பத்துக்கும் சாமிக்கும் உள்ளதுங்க, அப்புறம் பார்த்துக்கலாம். அந்தப் புள்ளைய என்ன சொன்னீங்க? அதைப் பேசுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் கார் நம் வாசலில் நின்றது. முதலாளி உள்ளே வந்தார். அம்மா டீ கொடுத்தார்கள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "தப்புங்க அம்மிணி. பெரிய தப்பு" என்றார்.

"இங்க வேண்டாமுங்கய்யா. எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

மறுநாள் பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். "இந்தப் புள்ள திருடலை, அழிக்கலை. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசீட்டேன்." கைகூப்பினார். நான் அழவில்லை. பழனாயி அக்காதான் ஓவென்று அழுதார். நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். முதல் காரியமாக ஷேடு எல்லாவற்றையும் இரண்டு செட் பிளாப்பியில் நகல் எடுக்கச் சொல்லிவிட்டார்.

கிட்டுசாமியைத் தாராபுரத்தில் அவர் அப்பா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டேஷன் பக்கத்து இடம் உங்களுக்குக் கிடைக்காது. மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் நேராக எழுதிவிட்டேன்.

வேலை இல்லாமல் நான் எங்கே போவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே போவீர்கள்? இது உங்கள் வீடு. கதவு திறந்துதான் இருக்கிறது. அடுத்த வாரம் நோன்பு ஆரம்பிக்கிறது, பெருநாளுக்குள் வந்து சேருங்கள். அம்மா உங்கள் கட்டில் மெத்தைக்கு இப்போதே பஞ்சு அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும். உங்கள் நாலு கடிதங்களையும் வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். காடு இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது, தைலம் இருக்கிறது. முதலாளி நாற்பது பேர் முன்னால் ஒத்துக்கொண்டாரே, அப்படி 'தப்பு என்னுடையது' என்று ஒரு வார்த்தை ஒரு கடிதத்திலும் இல்லை. இனிமேல் எழுதியும் அனுப்ப வேண்டாம். நேரில் வந்து, அம்மா இருக்கும்போது, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

பிரயாணத்துக்குத் துஆ செய்கிறோம். இருமலுக்கு மறக்காமல் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
நூர்ஜான்